கம்பெனிக்காரனுக்கு என்ன தெரியும்?

விருந்துக்கு வந்த மாப்பிள்ளை சாப்பிட்டதும் படுப்பதுதான் ஊர் வழக்கம். எங்கள் மாப்பிள்ளை கை கழுவியதும் காதைத் தீட்டிக்கொள்வார். வீட்டில் ஓடுகிற, சுற்றுகிற, உறுமுகிற எதுவும் அந்தக் காதுக்குத் தப்பாது.

இவர் என் தங்கை வீட்டுக்காரர். வேலை கூட்டுறவு சொசைட்டியில், கணக்கு எழுதுவது. லெட்ஜரில் ஒரு பைசா உதைத்தால் விடிய விடிய உட்கார்ந்து கண்டுபிடிப்பாராம். எஞ்சினைப் பிரித்து மாட்டி மூன்று போல்ட் மிஞ்சினாலோ, அது லாபக் கணக்கு. “எக்ஸ்ட்ரா வெயிட்டு மச்சான். கம்பெனிக்காரனுக்கு என்ன தெரியும்? அவன் பாட்டுக்குப் போட்டு வெச்சிருக்கான்.”

கோவையில் இப்படிப்பட்டவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு. ஊர் ராசி அப்படி. திரும்பின பக்கமெல்லாம் லேத், ஃபவுண்டரி, பம்ப் கம்பெனி. செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே. அவினாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு பெயரில் கார் மியூசியம். வெள்ளைக்கார அதிகாரியிடம் மோட்டார் சைக்கிள் வாங்கி, அதை அக்கக்காகப் பிரித்துப் பார்த்து நாயுடு தொழில் கற்ற கதை இங்கே குழந்தைக்கும் தெரியும். இவர்களும் அந்தக் கதையைக் கேட்டவர்கள்தான். பிரித்தது வரைக்கும் கேட்டிருக்கிறார்கள்.

என்னுடையது 2009 மாடல் டீசல் கார். ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியது. மேடு ஏறும்போது கொஞ்சம் சோம்பும். வயதானால் நானும் அப்படித்தான் என்று விட்டிருந்தேன். அடுத்த மாதம் பதினைந்து வருஷம் முடிய இருந்தது, ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோய்க் காட்டியாக வேண்டியிருந்தது. இதை ஆடி நோம்பி விருந்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை இலையை மூடிய வேகத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பானட்டைத் திறந்தார். ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்துப் பிடியைக் காதில் வைத்தார். கண்ணை மூடினார். ஒரு நிமிஷம் கழித்துத் தீர்ப்பு வந்தது.

“காத்துப் பத்தலை.”

வண்டி, பம்ப்செட், அரிசி மில், எதுவானாலும் இவருடைய நோய்க்கணிப்பு அந்த ஒன்றுதான். கையிலிருந்த பையைப் பிரித்தார். ஸ்பானர் செட்டோடுதான் விருந்துக்கே வந்திருக்கிறார்.

டர்போ அழுத்தி அனுப்பும் காற்றை ஒரு வாயில் வாங்கி நாலு சிலிண்டருக்கும் பங்கு வைக்கும் அலுமினியக் குழாய்க் கூட்டத்துக்கு மேனிஃபோல்டு என்று பெயர். பந்தி விசாரிப்பவர் மாதிரி. அதன் ஓரத்தில் ஈஜிஆர் வால்வு. எஞ்சின் விட்ட புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்கே ஊட்டுவது இதன் வேலை. உள்ளே எரியும் சூடு 1,500 டிகிரியைத் தாண்டினால் காற்றிலிருக்கும் நைட்ரஜனே நச்சு வாயுவாகிவிடுகிறது. எரிந்து முடிந்த புகையைக் கொஞ்சம் கலந்தால் அந்தச் சூடு தணியும். ஏற்பாட்டில் குறையும் உண்டு. புகையின் கரியும் எஞ்சினின் எண்ணெய் ஆவியும் மேனிஃபோல்டுக்குள் சேர்ந்து தாராகப் படியும். என் வண்டிக்கு வேண்டியதெல்லாம் ஒரு நாள் சுத்தம் பண்ணும் வேலை. அவ்வளவுதான்.

மாப்பிள்ளை ஈஜிஆரை உற்றுப் பார்த்தார். “விட்ட புகையத் தானே குடிக்குது மச்சான்! நீங்க விட்ட மூச்ச நீங்களே இழுப்பீங்களா?”

எனக்குப் பதில் தெரியும். ஆனால் மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அடுப்படி வாசலில் அம்மா கண்ணாலேயே என்னை அதட்டிக்கொண்டிருந்தார். 1897-இல் ஆக்ஸ்பர்க்கில் ருடால்ஃப் டீசல் தன் எஞ்சினை ஓட்டிக் காட்டியபோது அவருக்குத் தங்கை மாப்பிள்ளை யாரும் பக்கத்தில் இல்லை போலும். இருந்திருந்தால் நாம் இன்றும் பெட்ரோலிலேயே ஓடிக்கொண்டிருப்போம்.

அந்தி சாயும்வரை வேலை நடந்தது. கடலை எண்ணெய் டின்னை வெட்டி ஒரு தகடு. அதை ஈஜிஆருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் செருகி வழியை அடைத்தார். தகட்டுக்கு பேக்கிங் வேண்டுமே? சுவரில் தொங்கிய தினசரி காலண்டரின் அட்டையில், முருகனுக்குச் சேதமில்லாமல், கீழ்ப்பக்கமாக ஒரு வளையம் வெட்டிக்கொண்டார். பிறகு மேனிஃபோல்டின் உள்வாயை கிரைண்டர் விட்டுக் குடைந்தார், “ஃப்ளோ” வருவதற்காக. ஓரிடத்தில் ஃப்ளோ வெளிப்பக்கமாகவே வந்துவிட்டது. சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை. அதற்கு எம்சீல். ஸ்பானருக்குப் பைப்பைக் கொடுத்து முறுக்கியதில் ஃபிளாஞ்சின் ஒரு காது உடைந்தது. அதற்கும் எம்சீல். மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்ததற்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப்.

“இப்ப ஓட்டிப் பாருங்க!”

ஓட்டினேன். விசில் சத்தம் வந்தது. “டர்போ பேசுது மச்சான்” என்றார். அன்று சாயங்காலமே புது வேட்டி, புது சட்டையுடன் ஊருக்குப் போய்விட்டார்.

அந்த ஆகஸ்டில்தான் உக்கடம் மேம்பாலம் திறந்திருந்தார்கள். புதுப் பாலத்தில் ஏறிப் பார்க்கலாமே என்று போனேன். பாதி ஏற்றத்தில் டர்போ பேச்சை நிறுத்திவிட்டு அழ ஆரம்பித்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் பாலமே இல்லை, கருமேகம்தான். ஸ்கூட்டரில் வந்த அம்மா ஒருவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். போகும்போது திரும்பிப் பார்த்த அந்தப் பார்வை என் பரம்பரைக்கே போதும்.

பீளமேட்டில் ஒரு பழைய மெக்கானிக் இருக்கிறார். முப்பது வருஷமாகப் பிறர் செய்ததைச் சரிசெய்தே வயிறு வளர்ப்பவர். விசிலைக் கேட்டதும் சோப்புத் தண்ணீரை மேனிஃபோல்டு மேல் ஊற்றி, பையனை ஆக்ஸிலேட்டரை அமுக்கச் சொன்னார். எம்சீல் ஓரத்தில் குழந்தை ஊதுவது போல நுரைக் குமிழி கிளம்பியது.

“உள்ள எத்தன காத்து போச்சுன்னு சென்சார் முன்னாடியே அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லிப் போடுதுங்க தம்பி. அது அந்தக் கணக்குக்கு டீசல் ஊத்துது. காத்து பாதி வழியில இந்த ஓட்டைல போயிருது. டீசல் மிச்சம். புகையாம என்ன செய்யும்?”

காற்று பற்றவில்லை என்று மாப்பிள்ளை சொன்னது கடைசியில் பலித்துவிட்டது.

மேனிஃபோல்டைக் கழற்றியதும் அவர் செய்த முதல் காரியம், எஞ்சினில் திறந்து கிடந்த வாய்களைத் துணியால் அடைத்தது. “நாலு துணி. எண்ணிக்குங்க. மாட்டும்போது நாலு திருப்பி வாங்கோணும்.” அப்புறம் ஈஜிஆர் வாயிலிருந்து காலண்டர் வளையத்தை நகத்தால் பெயர்த்தார். ஓரமெல்லாம் கருகியிருந்தது. அட்டையின் பின்புறம் அச்சிட்டிருந்த பல்லி விழும் பலனில், நடுவில் ஒரே ஒரு சொல் மட்டும் தெளிவாகப் பிழைத்திருந்தது: கலகம்.

வெகுநேரம் அதையே பார்த்தார். “ஒடைக்கிறவன மன்னிச்சிருவேன் தம்பி. ஒட்டறவன் இருக்கான் பாருங்க... ஆருங்க இது?”

“தங்கச்சி மாப்பிள்ளைங்க.”

“அப்பச் செரி” என்று வாயை மூடிக்கொண்டார். அவருக்கும் தங்கை இருக்கிறார் போல.

ஒரு ராத்திரி டீசலில் ஊறப்போட்டு, மறுநாள் சுரண்டியதில் டீக்கடைக் கப் நிறையத் தார் வந்தது. எம்சீலை உளியால் பெயர்த்து, காந்திபுரத்துப் பக்கம் ஆர்கன் வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப் போனோம். வெல்டர் உடனே கை வைக்கவில்லை. எண்ணெய் குடித்த அலுமினியத்தில் பற்று வைத்தால் பணியாரம் மாதிரி துளைதுளையாக வருமாம். இதமாகச் சூடு காட்டி, உள்ளிருந்த எண்ணெய் வியர்த்து வரவர, துடைத்துக்கொண்டே இருந்தார். இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் அப்படியில்லை, 660 டிகிரியில் நிறம்கூட மாறாமல் பொத்தென்று உட்கார்ந்துவிடும் என்றார். ஓட்டையை நிரப்பி, உடைந்த காதைப் புதிதாக வளர்த்துக் கொடுத்தார். வெல்டிங் சூட்டில் முகம் வளைந்திருந்ததால் லேத்தில் ஃபேசிங். அதன்மேல் ஸ்கேலை நிறுத்தி, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று மெக்கானிக் இண்டு இண்டாகத் தடவிப் பார்த்தார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட நாங்கள் இவ்வளவு விசாரிக்கவில்லை.

ஈஜிஆரைக் கழுவித் திரும்பவும் உட்காரவைத்தார். புது பேக்கிங். போல்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்கு, மூன்று தவணையாக முறுக்கினார். நாலு துணியையும் எண்ணிக் கொடுத்தேன். டேப்பைப் பிய்த்தார், விளக்கை அழித்தார். பில் பதினோராயிரத்து நானூறு. ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டி துளிக் கறுப்புப் புகையும் விடாமல் நின்றது.

தீபாவளிக்கு மாப்பிள்ளை வந்தார். சாவியை வாங்கி ஒரு ரவுண்டு போய்வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

“பாத்தீங்களா மச்சான்? நான் பண்ணுனது செட்டாக ரெண்டு மூணு மாசம் ஆகும்.”

அடுப்படியில் அம்மா மறுநாள் இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தார். கிரைண்டர் உருண்டு கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் தலை மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தது.

“அத்தை, கல்லு கொஞ்சம்...”

மாப்பிள்ளை பேச்சை அம்மா ஒரு நாளும் தட்டியதில்லை. அன்றும் தட்டவில்லை. பாதி ஆட்டிய மாவோடு சுவிட்சை அணைத்துவிட்டு, “ஆட்டி முடிஞ்சுதுங்க மாப்ள” என்றார்.

காலையில் இட்லி கல்லு கல்லாக வந்தது. யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டோம்.