சுவிட்ச் மாற்றுவது எப்படி? குடும்பத் தலைவர்களுக்கு ஒரு கையேடு

வீட்டில் ஒரு சுவிட்ச் மாற்றத் தேவையானவை: டெஸ்டர், ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளேயர், இன்சுலேஷன் டேப், அப்புறம் “இதுக்குப் போயி எலெக்ட்ரீஷியனா?” என்ற ஒரு வசனம். வசனம் எல்லார் வீட்டிலும் தயாராக இருக்கும். மற்ற நான்கும் தேடினால் கிடைக்காது. “இங்கதான வெச்சேன், யார் எடுத்தது?” என்று குடும்பத்தையே விசாரித்து முடிப்பதும் வேலையில் சேர்த்தி.

சட்டம் உங்கள் பக்கம்தான். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதி, வயரிங் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு, பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்றுவதற்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று: இருந்ததை இருந்தபடி மாற்றலாம், அதன் திறனையோ தன்மையையோ மாற்றக்கூடாது. அந்த விதியை எழுதியவர்கள் உங்கள் வீட்டு சுவிட்ச் போர்டைத் திறந்து பார்த்ததில்லை.

முதலில் கடைக்குப் போங்கள். “ஒரு சுவிட்ச் குடுங்க” என்பீர்கள். ஒன்வேயா டூவேயா, ஆறு ஆம்பியரா பதினாறா, சாதாவா மாடுலரா என்று கடைக்காரர் நேர்முகத் தேர்வே நடத்துவார். பார்க்க எது அழகோ அதைக் கையால் காட்டி வாங்கி வருவது மரபு. மாடிப்படி விளக்குக்கு ஒன்வே வாங்கி வந்தவர்கள், மேலே போடுகிற விளக்கை அணைக்க மறுபடி மேலேதான் ஏற வேண்டியிருக்கும். உடற்பயிற்சி என்று எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மரப்பெட்டியில் ஹைலம் ஷீட் அடித்த போர்டாக இருந்தால் மாடுலர் பக்கமே திரும்ப வேண்டாம். அதற்குச் சுவரை வெட்ட வேண்டும். பிறகு பூச வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும். அறுபது ரூபாய் சுவிட்சுக்காக ஆரம்பித்தது அறுபதாயிரத்தில் போய் நிற்கும்.

அடுத்து மெயினை அணையுங்கள். இங்கேதான் பெரும்பாலோர் கையேட்டை மூடிவிட்டு வேலையில் இறங்குகிறார்கள். மெயின் ஆஃப் ஆன மறுகணம் இன்வெர்ட்டர் ‘பீப்’ என்று கத்திவிட்டுத் தன் கடமையைச் செய்யத் தொடங்கும். நீங்கள் திறக்கப்போகிற போர்டில் பாதி சுவிட்ச் ஈபி லைனில் இருக்கும், பாதி இன்வெர்ட்டர் லைனில் இருக்கும். பேட்டரி 12 வோல்ட்தானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். போர்டுக்கு வருவது அதே 230 வோல்ட்தான். ஆகவே மெயினோடு இன்வெர்ட்டரையும் அணையுங்கள். அணைத்தால் ஃபேனும் ஓடாது, வைஃபையும் நின்றுவிடும், வீட்டில் எல்லாரும் உங்களைச் சுற்றி வந்து நிற்பார்கள். டார்ச் பிடிக்க ஆள் கிடைத்தது என்று சந்தோஷப்படுங்கள்.

டெஸ்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். வெயில் வெளிச்சத்தில் அதன் நியான் எரிவது தெரியாது. மேல்முனையில் விரல் படாவிட்டால் எரியவே எரியாது. கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு பிளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு மெயினை அணையுங்கள். அதன்பின் வேலை செய்யும் இடத்தில் வைத்துப் பாருங்கள். இந்த ஒரு பத்தியில் மட்டும் நான் விளையாடவில்லை.

இனி போர்டைத் திறக்கலாம். சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது ஏட்டில் இருப்பது. உங்கள் வீட்டில், வயரிங் நடந்த அன்று எந்தச் சுருள் மிச்சமிருந்ததோ அதுதான் ஃபேஸ். எந்த எலெக்ட்ரீஷியன் வந்து போர்டைத் திறந்தாலும் முதலில் சொல்வது, “யாரு சார் பார்த்த வேலை இது?” மூன்று வருஷம் முன்பு அவரேதான் பார்த்திருப்பார். எதையும் கழற்றுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சுவிட்சுக்கு வர வேண்டியது ஃபேஸ். நியூட்ரல் வந்திருந்தாலும் விளக்கு எரியும், அணையும், யாருக்கும் தெரியாது. ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும். ஸ்டூல் போட்டு பல்பு மாற்ற ஏறுகிறவருக்குத்தான் அது தெரியவரும். ராத்திரி அணைத்த எல்இடி பல்பு மங்கலாக மினுக்கினால் பேய் என்று மந்திரிக்கப் போகாமல், முதலில் இதைச் சந்தேகியுங்கள். சுவிட்சில் இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும் இப்படி மினுக்கும்.

பிளக் பாயின்ட் விஷயம் வேறு. மூன்று துளைகளில் மேலே இருக்கும் பெரியது எர்த், நமக்கு வலப்பக்கம் ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல். எர்த் பின்னை நீளமாக வைத்திருப்பது செருகும்போது முதலில் தொடவும், பிடுங்கும்போது கடைசியில் விடவும்தான். ஷட்டர் உள்ள சாக்கெட்டில் குழந்தை விரலோ கம்பியோ நுழையாதபடி மூடியிருக்கும் அடைப்பைத் திறப்பதும் அந்தப் பின்தான். நம் வீடுகளில் அந்தப் பொறுப்பை பால்பாயின்ட் பேனா ஏற்றிருக்கிறது. மேல் துளையில் பேனாவைக் குத்திக்கொண்டு கீழே டூ பின்னைச் செருகும் கலை தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. பிளக்கே இல்லாமல் வயரைச் செருகித் தீக்குச்சி வைத்து இறுக்கும் பழைய பள்ளியைச் சேர்ந்தவர்களும் இன்னும் இருக்கிறார்கள்.

சாக்கெட் கருகியதால்தான் மாற்றுகிறீர்கள் என்றால், பெரும்பாலும் குற்றவாளி சாக்கெட் இல்லை. 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதை கன்வர்ட்டர் வைத்து 6 ஆம்பியர் பாயின்ட்டில் மாட்டினால் புது சாக்கெட்டும் கருகத்தான் செய்யும். அதற்குச் சிலர் கண்டுபிடிக்கும் தீர்வு, அதே இடத்தில் 16 ஆம்பியர் சாக்கெட் போடுவது. அப்போது சாக்கெட் தப்பிக்கும், சுவருக்குள் ஓடும் மெல்லிய வயர் சூடாகும். எம்சிபி அடிக்கடி விழுகிறதே என்று அதையும் பெரிதாக்கிவிட்டால், சூடாவதைத் தடுக்க வீட்டில் ஒருவரும் மிச்சமில்லை. திறனை மாற்றாதே என்று விதி சொன்னது இதைத்தான். இந்த வேலைக்குக் கையேடு கிடையாது.

பழைய போர்டைத் திறக்கும் முன், மெயின் பெட்டியில், மின்கசிவைக் கண்டால் கரண்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்துக்கொண்டால் அதுவும் காப்பாற்றாது. ஆனாலும் அதைவிட நல்ல காவல் வீட்டில் வேறில்லை. கரண்ட் இருக்கும்போது அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கினால் ‘டப்’பென்று விழ வேண்டும். விழவில்லையா, அப்படி ஒன்றே இல்லையா? ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சுவிட்சை அவரே மாற்றிவிட்டுப் போகட்டும்.