குட்டியானை காத்திருப்புக் கோட்பாடு

கணினி மந்தமாவது உலகப் பொதுநோய். ஓசூரில் மட்டும் அந்நோயின் கடுமையை மாநில எல்லை தீர்மானிக்கிறது என்பது இவ்வாய்வின் துணிபு.

சான்று வருமாறு. 70,000 ரூபாய் உதிரிபாகம் சேலம் போனால் இ-வே பில் வேண்டாம். தமிழ்நாட்டுக்குள் வரம்பு ஒரு லட்சம். அதே சரக்கு ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் வரம்பு 50,000. ஓசூர் கம்பெனி பொம்மசந்திராப் பட்டறைக்கு ஜாப் ஒர்க்குக்கு அனுப்பினாலோ வரம்பே கிடையாது; ஒரு டப்பா புஷ் போனாலும் பில் போட்டாக வேண்டும். போட உட்காரும் அந்த நொடியில்தான் டிஸ்பாட்ச் கணினி உறைகிறது. கேட்டில் குட்டியானை ஹாரன் அடிக்கிறது. அதில் தமிழ், தெலுங்கு, கன்னட பேதம் இல்லை.

இனி பூர்வபட்சம். ரீஃப்ரெஷ் அழுத்துவோர் ஒரு மதத்தினர். எலி தேய்வதுதான் மிச்சம். ஐகான்களை மறுபடி வரைவதோடு அதன் வேலை முடிந்தது. ரீஸ்டார்ட்வாதிகளுக்குச் சற்றுப் பலனுண்டு. ஆனால் ஸ்டார்ட்அப்பில் பெயர் கொடுத்து வைத்த நிரல்களெல்லாம் முதல் ஆளாகத் திரும்பி வந்துவிடும்.

மூன்றாமவர் டாஸ்க் மேனேஜரைத் திறப்பவர். விஷயம் தெரிந்தவர், ஆகவே ஆபத்தானவர். சிபியுவில் 93 விழுக்காட்டை 'சிஸ்டம் ஐடில் பிராசஸ்' தின்பதைக் கண்டு அதைக் கொல்லப் பார்க்கிறார். அது சிபியு வேலையின்றிக் கிடந்த நேரத்தின் கணக்கு. சும்மா இருப்பதன் அருமையைத் தாயுமானவருக்குப் பிறகு உணர்ந்தது விண்டோஸ்தான்; கொல்ல விடாது.

சித்தாந்தம்: சிபியு சும்மா இருந்தும் கணினி நகரவில்லையென்றால் பெரும்பாலும் குற்றவாளி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறார். பிராசஸஸ் பக்கத்தில் 'டிஸ்க்' என்ற தலைப்பைச் சொடுக்கினால் ஆசாமிகள் மேலேறி வருவார்கள்: டிஃபெண்டரின் ஸ்கேன், கோப்புகளுக்கு அட்டவணை போடும் சர்ச் இண்டெக்ஸர், விண்டோஸ் அப்டேட். சுழலும் பழைய டிஸ்க்கில் படிக்கும் முனை ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் நிற்க முடியும். இத்தனை பேர் கூப்பிட்டால் டேலியின் முறை எப்போது வரும்? எஸ்எஸ்டி மாட்டினால் முக்கால் சண்டை தீரும். பர்ச்சேஸ் பிரிவு ஒப்புதல் தரும்வரை ஸ்கேனை வேறு நேரத்துக்குத் தள்ளலாம்.

எந்த நேரத்துக்கு? ஆய்வு முட்டி நிற்பது இங்கேதான். அப்டேட் தானாக ரீஸ்டார்ட் செய்யாதிருக்க 'ஆக்டிவ் ஹவர்ஸ்' குறிக்கலாம். உச்சவரம்பு 18 மணி நேரம். சிப்காட்டில் ஓடுவதோ மூன்று ஷிஃப்ட். மிஞ்சும் 6 மணி நேரத்தை யார் தலையில் கட்டுவது என்று பகலில் மீட்டிங் போட்டு ஒருமனதாக முடிவெடுப்பார்கள். நைட் ஷிஃப்டுக்காரர் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார்.