புதுசா என்ன வந்திருக்கு, தாயி?

தளவாய்புரம், முகவூர், சேத்தூர் பக்கம் எந்த நூலகத்தில் நுழைந்தாலும் இந்த அண்ணாச்சியைப் பார்க்கலாம். ஒரே ஆள்தான் மூன்று ஊருக்கும் போய்வருகிறாரோ என்றுகூடச் சந்தேகம் வரும். மில்லிலிருந்து ஓய்வு பெற்றவர், இல்லையென்றால் பள்ளிக்கூடத்திலிருந்து. நூலகர் பூட்டைத் திறப்பதற்குள் கேள்வி விழுந்துவிடும்.

"புதுசா என்ன வந்திருக்கு, தாயி?"

"நேத்துத்தானே கேட்டீங்க அண்ணாச்சி. அதுக்குள்ள என்ன வரும்?"

"வந்தாச் சொல்லு. படிக்காம விடமாட்டோம்லா."

சொல்லிவிட்டுப் பேப்பர் மேசைக்குப் போய்விடுவார். தினத்தந்தியைத் தாள் தாளாகப் பிரித்து, ஒன்றைக் கையில் பிடித்து, ஒன்றைத் தொடைக்கு அடியில் வைத்து, மூன்றாவதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொள்வார். பக்கத்தில் காத்திருப்பவருக்கு மிஞ்சுவது வரி விளம்பரம்தான். அவர் தொண்டையைச் செருமினால், "இந்தா முடிச்சிட்டேன்" என்று முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்குவார்.

வாசகரின் நேரத்தைச் சேமி என்பது சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் புத்தகமாகத் தந்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது. உலகம் முழுக்க நூலகவியல் படிக்கிறவர்கள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். நேரத்தைச் செலவழிப்பதற்கென்றே ஒரு வாசகர் வந்து உட்காருவார் என்பதைக் கணித ஆசிரியராக இருந்த அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மாவட்டத் தலைமையிடத்திலிருந்து புத்தகக் கட்டு வந்து இறங்குகிற மாதம் அண்ணாச்சிக்குத் திருவிழா. கயிற்றை அறுப்பது அவர்தான். நூலகர் முத்திரை குத்தி எண் போட்டு முடிப்பதற்குள் ஒவ்வொரு புத்தகமாக எடுத்து முதலில் மோந்து பார்ப்பார். அப்புறம் பின்னட்டையில் விலை. "முந்நூறு ரூபாயா! இந்தக் காசுக்கு நம்ம ஊர்ல நைட்டி எடுத்துட்டு மிச்சத்துக்குப் பால்கோவாவும் வாங்கலாமே" என்பார். நைட்டி தைக்கிற ஊரான தளவாய்புரத்துக்காரருக்கு எல்லாப் பொருளின் மதிப்பும் நைட்டியில்தான் விளங்கும். மூன்றாவதாக, எழுதியவர் படம். நம்ம பக்கத்து ஆளாக இருந்துவிட்டால் மேற்கொண்டு படிக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை.

"மேலாண்மை பொன்னுச்சாமியா? மேலாண்மறைநாட்டுல மளிகைக் கடை வச்சிருந்தாரே. சாகித்ய அகாதெமி வாங்கினவரு."

"ஆமா அண்ணாச்சி, 2007-இல. 'மின்சாரப்பூ' உள்ளே இருக்கு, எடுத்துத் தரவா?"

"கடை எனக்கு நல்லாத் தெரியும்" என்று சொல்லிப் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவார்.

குரூப் 4 தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகள் இப்போது பாதி நாற்காலிகளைப் பிடித்துவிட்டார்கள். அண்ணாச்சிக்கு அவர்கள்மேல் கோபம் கிடையாது, அக்கறை உண்டு. அதுதான் ஆபத்து. "சுதந்திரம் வாங்கின பிறகு முதல்ல பொது நூலகச் சட்டம் போட்டது யாரு, சொல்லு பாப்போம்?" பிள்ளை தலை நிமிர்வதற்குள் அவரே சொல்வார்: "நம்ம சென்னை மாகாணம். 1948." பிள்ளை, "அதெல்லாம் பழைய கேள்வி தாத்தா" என்று குனிந்துகொள்ளும். அந்தச் சட்டத்தில் அண்ணாச்சிக்கு ரொம்பப் பிடித்தது வரிதான். மின்விசிறி நின்றுபோனால் எழுந்து நின்று, "வீட்டு வரியில ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுறோம், தாயி" என்பார். உண்மைதான், கட்டுகிறார். இவ்வளவு முழுசாக அதைத் திரும்ப வசூலித்தவரும் வேறு யாரும் இருக்க முடியாது.

இப்படியெல்லாம் சொன்னாலும் நூலகர் அவரை விட்டுக்கொடுக்க மாட்டார். வருகைப் பதிவேட்டில் முதல் கையெழுத்து அண்ணாச்சியுடையது. மழை பெய்து யாரும் எட்டிப்பார்க்காத நாளிலும் அந்தக் கையெழுத்து இருக்கும். ஆய்வுக்கு வருகிற அதிகாரி புரட்டிப் பார்ப்பது அந்தப் பதிவேட்டைத்தான், எவர் எதை மோந்து பார்த்தார் என்பதை அல்ல.

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. அன்றைக்கு அவர் படுகிற பாட்டை வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். தளவாய்புரத்தில் தையல் மிஷின் சத்தம் கேட்காத தெரு அபூர்வம். வீட்டம்மா தைத்துத் தள்ளிய நைட்டிகள் மலையாகக் கிடக்கும். அண்ணாச்சி கையில் சின்னக் கத்தரி. பிசிறு வெட்ட வேண்டும், மடிக்க வேண்டும், எண்ணிக் கட்ட வேண்டும். மற்ற ஆறு நாளும் உலக நிலவரம் அவரை அந்த வேலையிலிருந்து காப்பாற்றிவிடுகிறது.

இந்த மாதம் அவருடைய கேள்விக்கு உண்மையிலேயே ஒரு பதில் கிடைத்தது.

"நூலக நண்பர்கள்னு திட்டம் இருக்குல்லா அண்ணாச்சி, நம்ம பக்கமும் ஆள் சேந்திருக்காங்க. நூலகத்துக்கு வரமுடியாதவங்க வீட்டுக்கே புத்தகம் கொண்டு போய்க் குடுப்பாங்க. வயசானவங்க, உடம்புக்கு முடியாதவங்க. உங்க பேரை எழுதிக்கவா?"

அண்ணாச்சிக்கு முகம் மாறிவிட்டது. கையிலிருந்த தாள், தொடைக்கு அடியில் இருந்த தாள் எல்லாம் தரையில்.

"யாரு வயசானவன்? எம் பேரை எழுதிராதம்மா. நான் நல்லா நடக்கேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "எழுதணும்னா வீட்ல அவ பேரை எழுது. கல்யாணத்துக்கு முன்னால ஒரு நாவல் விடமாட்டா. இப்ப மிஷினை விட்டு அசைய முடியலை" என்றார்.

"அதுக்கு நண்பர்கள் எதுக்கு அண்ணாச்சி? தினம் வர்றீங்க, நீங்களே ரெண்டு ரமணிசந்திரன் எடுத்துட்டுப் போலாமே."

அண்ணாச்சி குனிந்து தாள்களைப் பொறுக்கினார்.

"எடுத்துட்டுப் போலாம் தாயி. அவ படிக்க உக்காந்துட்டா, மிஷின்ல யாரு உக்காருறது?"