கல்மரத்துக்கே வயசு சொல்லிட்டாங்கடா!

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில குந்து. உன் பொறந்த தேதியை மாத்தி வயசுல ரெண்டு வருசத்தைக் கழிக்க உங்கப்பன் ஆள் தேடி அலையறானாமே? பதினாலு வயசுக்குள்ளாற இருக்கிற பொடிசுங்களோட உன்னைக் கூடைப்பந்து ஆடவிடணுமாம். நல்ல யோசனைதான். மொதல்ல அந்த மீசையை எங்க ஒளிக்கிறதுன்னு கேட்டுக்கிட்டு வா.

நான் பொறந்த கதை தெரியுமில்ல? 1956 நவம்பர் 23, அரியலூர் பக்கம் மருதையாத்துல ரயிலு கவுந்துச்சு. லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியையே விட்டாரு. அதுக்கு மூணாம் நாள் நான் பொறந்தேன். பள்ளிக்கூடத்துல சேக்கும்போது, வலது கையைத் தலைக்கு மேல சுத்தி இடது காதைத் தொடச் சொன்னாரு வாத்தியாரு. உறியில வெல்லம் திருடி வளந்த கையாச்சே, தொட்டுட்டேன். நாலரை வயசுப் பயலுக்கு அஞ்சு ஆயிடுச்சுன்னு 1.6.1956ன்னு எழுதிட்டாரு. அந்தக் கணக்குல, ரயிலு கவுந்தப்ப நான் தவழ்ந்துக்கிட்டு இருந்திருக்கணும்! என்னை மூப்பாக்குனாரு அவரு. உன்னை இளசாக்குறான் உங்கப்பன்.

இப்ப காதைத் தொட்டா ஆகாது சாமி. மணிக்கட்டை எக்ஸ்ரே புடிச்சு, எலும்பு நுனியில குருத்து எவ்வளவு மூடியிருக்குன்னு பாத்துடுறான். வயசை மாத்துறவனைப் புடிக்க மத்திய அரசு 2010லயே விதி போட்டாச்சு. எக்ஸ்ரே முன்னபின்ன சொல்லும்தான், ஒத்துக்கிறேன். ஆனா நம்ம சாத்தனூர் ஓடையில 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கே கல்மரம், அதை 1940ல கிருஷ்ணன்னு ஒரு புவியியல்காரரு கண்டு சொன்னாரு. வயசு சுமாரா 12 கோடி வருசமாம். அதுக்கே கணக்குச் சொன்னவங்களுக்கு உன் பதினஞ்சு தெரியாமப் போயிடுமா?

அமெரிக்காவுல என்பிஏன்னு பணம் கொட்டுற கூடைப்பந்து இருக்கே, அங்க கூத்து தலைகீழ். வயசு பத்தலைன்னு பயலுவ வாசல்ல நிக்கிறானுவ. முன்னெல்லாம் பள்ளிக்கூடம் முடிச்சு நாலு வருசம் ஆனாத்தான் உள்ள விடுவாங்க. ஸ்பென்சர் ஹேவுட்னு மிசிசிப்பியில பருத்தி எடுத்து வளந்த பய, கோர்ட்டுக்குப் போயி 1971ல அதை ஒடைச்சான். அப்புறம் கெவின் கார்னெட், கோபி பிரயன்ட்னு பள்ளிக்கூடத்துலேந்தே நேரா குதிச்சானுவ. 2003ல ஆளெடுத்தப்ப லெப்ரான் ஜேம்ஸ் மொத ஆளாவே போனான். 2005ல மறுபடி கதவைச் சாத்திட்டாங்க. ஆளெடுக்கிற வருசத்துல 19 நெறையணும், உள்ளூர்ப் பயலா இருந்தா பள்ளி முடிச்சு ஒரு சீசனும் தாண்டணும்.

புள்ளைங்க மேல பாசம்னு நெனைச்சியா? செட்டிகுளத்துல சேத்து வைக்கப் பட்டறை போடுறவன் வெங்காயத்தை அமுக்கிப் பாத்துத்தான் போடுவான். இளசைப் புடுங்கிப் போட்டா மொத்தமும் அழுவும். கோடி குடுக்கிற மொதலாளிக்கும் அந்தப் பயந்தான். வெங்காயத்துக்கிட்ட யாரு சம்மதம் கேட்டா?

பஞ்சாபுல ஒரு விவசாயி மவன், சத்னாம் சிங், 7 அடி 2 அங்குலம். பதினாலு வயசுல அமெரிக்கா போனான். 2015ல, பத்தொம்பது வயசுல, டல்லாஸ்காரன் எடுத்தான். அறுபது பேருல அம்பத்திரெண்டாவது. என்பிஏ எடுத்த மொத இந்தியன் அவந்தான். ஆனா என்பிஏ ஆட்டம் ஒண்ணு கூட ஆடக் கெடைக்கல, பாவம். பொறவு மல்யுத்த மேடைக்குப் போயிட்டான். வயசும் ஒசரமும் சரியா இருந்தவனுக்கே இந்தக் கதை.

உங்கப்பன் கணக்கு எனக்கு வெளங்காமலா? நம்ம பக்கம் கூடைப்பந்துன்னா கடைசியில ரயில்வே வேலை, பேங்கு வேலை. இப்ப ரெண்டு கொறைச்சா ரிட்டையராவும்போது ரெண்டு வருசச் சம்பளம் கூட. விவரமான பய, என் ரத்தமாச்சே! ஆனா பொடிசுங்களை ஜெயிச்சு நீ என்னத்தடா கத்துக்குவ?

பதினேழு வயசுக்குள்ளாற இருக்கிறவங்க பட்டியல்ல பேரைக் குடு. ரெண்டு ஆட்டம் தோத்துட்டு வா. மீசையை மட்டும் எடுத்துடாத, உங்க ஆத்தாவுக்குப் புடிச்சிருக்காம்.