வாத்து இலவசம், நிபந்தனைகள் உண்டு

எந்த ஊரிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். வீடு மாற்றப் போகிறார். கொல்லையில் கிடப்பதையெல்லாம் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். அம்மிக்கல்லைக் கேட்டால் உடனே கொடுப்பார். ஆட்டுக்கல்லை வேண்டாம் என்றாலும் ஆள் வைத்துத் தூக்கி வந்து உங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போவார். சீர்வரிசையில் வந்த அண்டா, பரணில் கிடக்கும் தொட்டில், கால் ஆடும் நாற்காலி எதன்மீதும் அவருக்குப் பற்றில்லை. வாத்து என்று வந்துவிட்டால் மட்டும் ஆள் மாறிவிடுவார். “சும்மா எடுத்துக்கிட்டுப் போங்க சார், ஒரு பைசா வேண்டாம்” என்று ஊரெல்லாம் சொல்லிவைப்பார். நம்பி வந்தவரை உட்காரவைத்து, காபி கொடுத்து, ஒன்றரை மணி நேரம் விசாரிப்பார்.

நான் பார்த்த நம்மவர் மயிலாடுதுறைப் பக்கத்துக்காரர். கூட்டுறவு வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். உழவு மாட்டுக்குக் கடன் கேட்டு வந்தவர்களின் பட்டாவையும் மாட்டின் பல்லையும் ஒரே சந்தேகத்தோடு பார்த்துப் பழகிய கண் அது. பென்ஷன் வந்த பிறகும் அந்தக் கண்ணுக்கு ஓய்வு கொடுக்க அவருக்குத் தெரியவில்லை.

வாத்துகள் வந்து சேர்ந்ததே ஒரு தை மாதத்தில்தான். சம்பா அறுப்பு முடிந்த வயல்களில் சிந்திய நெல்லையும் நத்தையையும் மேயவிட ஆயிரக்கணக்கில் வாத்துகளை ஓட்டி வருவார்களே, அவர்களில் ஆரணிப் பக்கத்து மேய்ப்பர் ஒருவரிடம் குஞ்சாக வாங்கினார். கேட்டது நான்கு, கூடைக்குள் இருந்தது ஏழு. அந்தப் பக்கத்து நாட்டு வாத்தில் சன்யாசி என்றும் கீரி என்றும் இரண்டு ரகம் உண்டு. ஒரே பழுப்பாக இருப்பது சன்யாசி. கீரிப்பிள்ளையின் மேல்தோல் மாதிரி கறுப்பும் பழுப்பும் கலந்தது கீரி. நம்மவரிடம் சன்யாசி நான்கு. பெயர்தான் சன்யாசியே தவிர, தவிட்டுச் சட்டியைக் கண்டால் நான்கும் அதற்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

இப்போது மகன் பள்ளிக்கரணையில் அடுக்குமாடியில் வீடு வாங்கியிருக்கிறான். மூன்றாவது மாடி. “வயசான காலத்துல ரெண்டு பேரும் அங்க தனியா எதுக்கு?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் சாமான் ஏற்ற லாரியும் பேசிவிட்டான். அப்பாவைச் சமாதானப்படுத்த ஒரு வார்த்தையும் சொன்னான்: “பால்கனியில நின்னா வாத்தே தெரியும்ப்பா.” பொய்யில்லை. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம் அது. குளிர்காலத்தில் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் வந்து இறங்குகிற இடம். நம்மவர் முகம் மலர்ந்தது.

“அப்படின்னா நம்மளோடதையும் கொண்டாந்து அதுல விட்டுரலாமே?”

“அப்பா, அது ஃபாரஸ்ட் எடம். உள்ள விடமாட்டாங்க. அதோட, நாய் வந்தா அங்க இருக்குறது பறந்துடும். நம்மளது அதுகிட்ட நின்னு பேசிக்கிட்டிருக்கும்.”

ஆக, ஊரிலேயே இடம் பார்ப்பது என்று முடிவாயிற்று. நீளமான கணக்குப் பேரேடு ஒன்றை எடுத்து, சிவப்பு மையில் கோடு போட்டு, ‘விண்ணப்பதாரர்’ என்று தலைப்பு எழுதினார். அப்போதே அவர் மனைவி அடுப்படியிலிருந்து, “லாரியை அடுத்த வருஷத்துக்குச் சொல்லிடுங்க” என்றார்.

முதலில் வந்தவர் பக்கத்துத் தெருக்காரரின் மைத்துனர். நல்ல மனிதர். காபியை வாங்கிக்கொண்டு, கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்து, “ஒண்ணு எத்தனை கிலோ வரும்?” என்று கேட்டார். அவ்வளவுதான். காபியைக் குடித்து முடிக்கவாவது விட்டிருக்கலாம்.

அடுத்து, ஊருக்கு வெளியே பண்ணை வீடு கட்டியிருந்த ஐடி தம்பதி. ஒவ்வொரு வாத்துக்கும் பெயர்கூட யோசித்து வைத்திருந்தார்கள். “என்ன தீனி போடுவீங்க?” என்று கேட்டதற்கு அந்தப் பெண் ஆசையாக, “பிரெட் போடுவோம் அங்கிள்” என்றாள். நம்மவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிரெட்டில் ஒரு சத்தும் கிடையாது, வயிறு மட்டும் நிறையும், வாத்துக்கு நத்தையும் புழுவும் கீரையும் ஊறவைத்த தவிடும்தான் சாப்பாடு, பக்கத்திலேயே தண்ணீர் இல்லாவிட்டால் உலர்ந்த தீனி தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்றெல்லாம் பாடம் நடந்தது. பிறகு, “வாரத்துல எத்தனை நாள் அங்க இருப்பீங்க?” என்றார். “சனி, ஞாயிறு.” “அதுக்கு அஞ்சு நாளும் பசிக்குமேம்மா” என்று சொல்லிப் பேரேட்டை மூடிவிட்டார்.

ஒரு பள்ளிக்கூடத்துக்காரர்கள் தோட்டத் தொட்டிக்கு மூன்று போதும் என்றார்கள். கூட்டத்தைப் பிரிக்க முடியாது என்று திருப்பி அனுப்பினார். சத்தம் போடாதது மட்டும் வேண்டும் என்று ஒருவர் வந்தார். அவருக்கு வாலில் இறகு சுருண்டிருந்த ஆண் வாத்தைக் காட்டி, “இது ஒண்ணுதான் சத்தம் போடாது, தொண்டை கட்டுன மாதிரி கரகரன்னு முனகும். கத்துறது பூரா பொம்பளைங்கதான்” என்றார். அடுப்படியில் பாத்திரம் ஒன்று ஓசையோடு விழுந்தது. தற்செயலாகத்தான் விழுந்ததா என்பது எனக்குத் தெரியாது.

கேள்விகளோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. தேறியவர்கள் வீட்டுக்குத் தன் டிவிஎஸ் எக்ஸெல்லில் கள ஆய்வுக்குப் போவார். குச்சியால் குட்டையின் ஆழம் பார்ப்பார். குளம் வேண்டுமென்று அவர் சொல்லவில்லை. தலை முழுக்க முங்குகிற அளவுக்குத் தண்ணீர் வேண்டும். கண்ணையும் மூக்கையும் அலசிக்கொள்ளாவிட்டால் கண்ணில் பீளை கட்டிவிடும். பிறகு வேலியைச் சுற்றி வந்து, கீரிப்பிள்ளை நடமாட்டம் உண்டா, தெருநாய் எத்தனை, ராத்திரி அடைக்கும் கூண்டுக்குத் தாழ்ப்பாள் உள்ளே வளையுமா வெளியே வளையுமா என்று குறிப்பெடுப்பார். வீட்டுக்காரர்கள் வாயடைத்து நிற்பார்கள். விவசாயக் கடனுக்குக்கூட இவ்வளவு அலையவில்லை என்று ஒருவர் என்னிடமே சொன்னார்.

அந்த அம்மாள் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டார். “எங்கப்பா உங்களைப் பத்தி இதுல கால்வாசி விசாரிச்சிருந்தா, நான் இப்ப வேற வீட்டுல இருந்திருப்பேன்.”

எனக்கென்னவோ தப்பு ‘இலவசம்’ என்று சொன்னதில்தான் இருந்தது என்று படுகிறது. தலைக்கு நானூறு ரூபாய் என்று விலை சொல்லியிருந்தால், பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கலாம். கணக்கு அதோடு தீர்ந்திருக்கும். காசு வேண்டாம் என்று சொன்னதனால் கேள்வி கேட்கிற பாத்தியதை அவரிடமே தங்கிவிட்டது. அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. சும்மா கொடுப்பவர்களிடம் நான் ஜாக்கிரதையாகவே இருப்பேன்.

தை பிறந்தது. ஆரணி மேய்ப்பரே மந்தையோடு வந்து சேர்ந்தார். “குடுங்க ஐயா, ஆயிரத்தோட ஆயிரமா மேயட்டும்” என்றார். வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுப்பதைவிட நியாயம் உண்டா? நம்மவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். தன் ஏழையும் தனியாக அடையாளம் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். மேய்ப்பர் மந்தையையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்துவிட்டார்.

கடைசியில் வந்தவர் கொள்ளிடக் கரைப்பக்கம் கீரை போடும் பாட்டி. திண்ணையில் உட்கார்ந்ததும் பேரேடு திறந்தது. முட்டை எப்போது இடும் தெரியுமா என்றார் நம்மவர். “விடியுறதுக்குள்ள போட்டுரும். சீக்கிரம் திறந்துவிட்டா அடுத்த ஊட்டு வேலியில போயிப் போடும்.” அடை? “இது எங்க அடை உக்காரும்? கோழிக்கு வைக்கணும், இருவத்தெட்டு நாளு.” எப்படித் தூக்குவீர்கள்? “காலப் புடிச்சாத் தாங்காது சார், உடம்போட அணைச்சுத் தூக்கணும்.” நூற்றுக்கு நூறு. நம்மவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும்.

அப்போதுதான் பாட்டி தொடங்கினார்.

“நீங்க எங்க சார் போறீங்க?”

“மெட்ராஸ். பையன் வீடு. மூணாவது மாடி.”

“தண்ணி?”

“லாரியில வருமாம்.”

“கொல்ல?”

“பால்கனி இருக்கு.”

“பையனும் மருமவளும் வேலைக்குப் போயிட்டா அங்க யாரத் தெரியும்?”

நம்மவர் பேரேட்டில் எதையோ தேடினார்.

“நேர்ல போயி எடத்தப் பாத்தீங்களா?”

“போட்டோ அனுப்புனான்.”

“வாத்துக்கு வண்டி எடுத்துக்கிட்டு ஊர் ஊராப் போயிப் பாத்தீங்களாமே. உங்களுக்குப் போட்டோ போதுமா?”

அடுப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. வெகு நாளைக்குப் பிறகு அந்த அம்மாள் இப்படி வாய்விட்டுச் சிரித்தார். நம்மவர் பேனாவை மூடினார். “பஞ்சாரம் கொண்டாந்திருக்கீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

மூன்று பஞ்சாரத்தில் ஏழு வாத்தும், ஒரு குட்டியானை வண்டியில் ஏறிப் போயின. பின்னாலேயே எக்ஸெல்லும் போயிற்று. பள்ளங்களில் மெதுவாகப் போகச் சொல்லி வழியெல்லாம் ஹாரன் அடித்தார் என்று கேள்வி.

சென்னைக்குப் போனவர் மாசியில் ஒரு கல்யாணத்தைச் சாக்கிட்டு ஊருக்கு வந்தார். கல்யாணத்துக்கு முன்பே கொள்ளிடக் கரைக்குப் போய்விட்டார். நானும் உடன் போனேன். ஏழும் வாய்க்காலில் வால் மேலே தலை கீழாக மும்முரமாக இருந்தன. இவரை அடையாளம் கண்டுகொண்டதாக அவர் சொன்னார், நான் மறுக்கவில்லை. புறப்படும்போது பேரனுக்குப் பத்து முட்டை வேண்டும் என்றார். பாட்டி எண்ணிக் கொடுத்துவிட்டு, கையை நீட்டினார்.

“நூத்தி இருவது.”

“நான் குடுத்த வாத்தும்மா இது!”

“வாத்துதான சார் சும்மா குடுத்தீங்க. தவிடு?”

நம்மவர் பணத்தை எண்ணிக் கொடுத்தார். வாசலுக்கு வந்ததும் என் காதருகே குனிந்தார். “பாத்தீங்களா, கணக்குல எவ்வளவு கெட்டின்னு? சரியான எடமாப் பாத்துதான் சாங்ஷன் பண்ணியிருக்கேன்.”