மேட்டின் உயரம் தெரியாமல் பகடை உருட்டலாமா?

வாட்டர்லூவை மேஜைமேல் பரப்பி ஒரு கை பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை நாலு பேரைக் கூட்டுகிறவர்தான் நம்மவர். பொம்மைச் சிப்பாய்களுக்கு வர்ணம் பூசியாகிவிட்டது. விதிப்புத்தகம் இருக்கிறது, பகடை இருக்கிறது, நெப்போலியனாக உட்கார ஆளும் வந்தாயிற்று. ஆனால் 1815 ஜூன் 18 அன்று லா ஹே சாந்த் பண்ணைக்குப் பக்கத்து வயலில் ரை பயிர் எத்தனை அடி உயரம் நின்றது என்று உறுதியாகாமல் ஆட்டத்தைத் தொடங்க அவருக்கு மனசு வராது. ஆள் உயரத்துக்கு நின்றது என்று அதற்குள் நடந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த ஆள் உயரம்? தொப்பியோடா, தொப்பி இல்லாமலா? தவிரவும், காலையில் நின்ற பயிர் மாலையில் குதிரைக் குளம்பில் மிதிபட்டு மண்ணோடு மண்ணாகிவிட்டது. ஆகவே காலைக்கு ஒரு விரிப்பு, மதியத்துக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று மூன்று வேண்டும். மூன்றாவது இன்னும் தையற்காரரிடம் இருக்கிறது. ஆட்டம் அடுத்த மாதம்.

பயிராவது பரவாயில்லை, அறுவடைக்கு உட்பட்டது. மேட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால்தான் வந்தவர்கள் செருப்பைத் தேடுவார்கள். நெப்போலியனை எதிர்த்த பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் படை நின்ற அந்த நீண்ட மேட்டின் மண்ணைப் பிற்பாடு வெட்டி எடுத்துவிட்டார்கள். நெதர்லாந்து மன்னர், தம் மகன் காயம்பட்ட இடத்தில் நினைவுச்சின்னம் வேண்டும் என்று சுமார் 40 மீட்டர் உயரத்துக்கு ஒரு செயற்கைக் குன்றை எழுப்பி, உச்சியில் ஒரு சிங்கத்தையும் நிறுத்தினார். 1826-இல் வேலை முடிந்தது. குன்று உயர உயரப் பக்கத்து மேடு தாழ்ந்தது. எவ்வளவு தாழ்ந்தது என்பதுதான் நம்மவரின் வாழ்க்கைப் பிரச்சினை. இன்றைய அளவை வரைபடத்தை எடுப்பார். அதன்மேல் 1770-களில் ஃபெராரிஸ் எடுத்த வரைபடத்தைப் பொருத்துவார். பழையதில் சம உயரக்கோடு கிடையாது, நிழலிட்டுச் சரிவைக் காட்டியிருப்பார்கள். அந்த நிழலின் அழுத்தத்தைப் பார்த்து மேட்டின் உயரத்தை ஊகித்து, தெர்மாகோல் அட்டையை மில்லிமீட்டர் கணக்கில் சீவுவார். பிறகு ஒட்டுவார். பிறகு, சாய்வு சற்று அதிகமோ என்று மறுபடியும் சீவுவார். ஜாதகம் பார்த்துப் பார்த்தே மாப்பிள்ளைக்கு வழுக்கை விழ வைக்கும் பெரியப்பாவை நம் குடும்பங்களில் பார்த்திருக்கிறோமே, அந்த நிதானம் இது.

இவருக்கு ஒரு முப்பாட்டனார் உண்டு. வில்லியம் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி போர்க்களத்தின் மாதிரி ஒன்றைச் செய்ய 1830-இல் லா ஹே சாந்த் பண்ணையிலேயே மாதக்கணக்கில் தங்கி நிலத்தை அளந்தார். (குன்று எழும்பிய பிறகுதான் அளந்தார் என்பதை நம்மவரிடம் சொல்லிவிடாதீர்கள், தெர்மாகோலை முதலிலிருந்து சீவத் தொடங்குவார்.) உயிரோடிருந்த அதிகாரிகளுக்கெல்லாம் சுற்றறிக்கை அனுப்பினார். மாலை ஏழு மணி சுமாருக்கு உங்கள் பிரிவு எங்கே, எந்த அணிவகுப்பில் நின்றது, எதிரே யார் நின்றார்கள், படத்தில் வரைந்து காட்டுங்கள் என்று கேட்டார். அரசாங்கம் பணத்தை நிறுத்தியது; கடன் வாங்கி முடித்தார். சுமார் எழுபத்தையாயிரம் குட்டிப் பொம்மைகளோடு அந்த மாதிரிக் களம் 1838-இல் லண்டனில் காட்சிக்கு வந்தது. உடனே சண்டையும் வந்தது. உதவிக்கு வந்து சேர்ந்த பிரஷ்யர்களை அத்தனை பேராக, அத்தனை முன்னால் நிறுத்தியது வெலிங்டன் தரப்புக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் பிரஷ்யப் பொம்மைகளை ஆயிரக்கணக்கில் பிடுங்கி எறிய வேண்டியதாயிற்று. பாவம் மனிதர். ஆனால் அவர் இப்படி நச்சரித்திராவிட்டால், 1891-இல் அவர் மகன் தொகுத்து அச்சிட்ட அந்தப் பதில்கள் ஏது? இந்த இனத்தால் உலகத்துக்கு நன்மையே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகும்.

இருந்தாலும் அந்தப் பதில்களே நம்மவருக்கு எதிரான சாட்சி. ஒரே தாக்குதலை எதிர்த்து நின்ற இரண்டு பிரிவுகளின் அதிகாரிகள், எதிரியை விரட்டியது நாங்கள்தான் என்று ஆளுக்கொன்று எழுதினார்கள். பொய் சொல்லவில்லை, துப்பாக்கிப் புகைக்குள் அவரவர் முன்னால் தெரிந்த இருபது கஜம்தான் அவரவர்க்குப் போர். போர் எப்போது தொடங்கியது என்பதிலேயே ஒற்றுமை இல்லை. வெலிங்டனின் அதிகாரபூர்வ அறிக்கை பத்து மணி சுமார் என்கிறது. பதினொன்றரை என்கிறவர்கள் உண்டு, அதற்கும் பிந்தி என்கிறவர்களும் உண்டு. போர் நடந்த ஆண்டே அதன் வரலாற்றை எழுத விரும்பிய ஒருவருக்கு வெலிங்டன் பதில் போட்டார்: போரின் கதை ஒரு நடன விருந்தின் கதை மாதிரி, சின்னச் சின்ன சம்பவங்கள் நினைவிருக்கலாம், எது எந்த நொடியில் எந்த வரிசையில் நடந்தது என்று எவராலும் சொல்ல முடியாது என்று. தளபதியே கையை விரித்துவிட்ட பிறகு, ஒவ்வொரு பட்டாலியனும் நின்ற இடத்தை அங்குல சுத்தமாகக் குறிப்பேன் என்று நம்மவர் சூளுரைக்கிறார். இடத்தைத் துல்லியமாக்கலாம். எந்த நிமிஷத்தில் அந்த இடம்? படை நகரும் ஐயா.

ஆராய்ச்சி இல்லாமல் ஆடினால் அது தாயக்கட்டைதானே என்பார். நியாயம். அந்த மேட்டின் பின்சரிவு தெரியாமல் வாட்டர்லூ புரியவே புரியாது. வெலிங்டன் தம் ஆட்களில் பெரும்பாலோரை உச்சிக்குப் பின்னால், பீரங்கிக் கண்ணுக்குத் தப்பிய சரிவில் நிறுத்தினார். பலரைப் படுக்கவே வைத்தார். ஏறி வந்த பிரெஞ்சுக்காரனுக்கு மறுபக்கம் எத்தனை பேர் என்று உச்சியைத் தொடும்வரை தெரியாது. மேட்டின் வேலை மறைப்பது. நம்மவர் அதை மில்லிமீட்டர் சுத்தமாகச் செய்து, அதன் பின்னால் ஒளிந்த பட்டாலியன்களையும் வர்ணத்தோடு நிறுத்தி, தலைக்கு மேலே ஒரு டியூப்லைட்டையும் போட்டு, நெப்போலியனைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். நெப்போலியன் குனிந்து பார்த்து எண்ணிக்கொள்கிறார். இத்தனை பாடுபட்டு அளந்த மேடு இப்போது எதை மறைக்கிறது?

வாட்டர்லூவுக்குப் பன்னிரண்டு ஆண்டு முன்னால், 1803 செப்டம்பரில், இதே வெலிங்டன் வெறும் ஆர்தர் வெல்லெஸ்லியாக, சென்னை ராணுவத்துச் சிப்பாய்களோடு தக்காணத்தில் அசாயேவை நோக்கிப் போனார். கைட்னா ஆற்றைக் கடக்கத் துறை கிடையாது என்று வழிகாட்டிகள் சாதித்தார்கள். இரு கரையிலும் எதிரெதிராக இரண்டு கிராமங்கள் தெரிந்தன. ஆள் போக்குவரத்துக்கு வழியில்லாமல் இப்படி ஊர் அமையாது என்று ஊகித்தார், துறை இருந்தது, கடந்தார், வென்றார். அன்று அவர் கையில் இருந்தது ஓர் ஊகம். நம்மவர் தயாரிக்கும் அசாயேவில் அந்தத் துறை நீலப் புள்ளியால் குறிக்கப்பட்டு, ஆழமும் எழுதப்பட்டிருக்கும்.

அப்படியானால் நல்ல வரைபடமே வேண்டாமா என்று மடக்குவார். வேண்டும். பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் 1824-இல் வெளியிட்ட போர் விளையாட்டு 1:8000 அளவிலான நுட்பமான வரைபடத்தில்தான் நடந்தது. ஆனால் நடுவர் ஒருவர் இருந்தார். இரு தரப்பும் உத்தரவை எழுதி அவரிடம் கொடுக்கும். அவரவர் படை நிற்கும் இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியக்கூடியது எதுவோ அதை மட்டுமே அவர் காட்டுவார். அதைப் பார்த்து மெச்சிப் படைக்குப் பரிந்துரைத்த முஃப்லிங், வாட்டர்லூவில் வெலிங்டனோடு இருந்த பிரஷ்யத் தொடர்பு அதிகாரி. புகைக்குள் நின்று பார்த்தவர். நம்மவருக்கு நடுவர் என்றால் ஆகாது. உழைத்துச் செய்த களத்தை யாரும் பார்க்காமல் போய்விடுவார்களே!

யாருக்கு என்ன நஷ்டம், பொழுதுபோக்குத்தானே என்று கடைசியாக ஒரு வாதம் உண்டு. நஷ்டம் காத்திருப்பவர்களுக்கு. லா ஹே சாந்த் களஞ்சியத்தின் கதவை முந்தின இரவு மழையில் நனைந்த சிப்பாய்கள் விறகாக எரித்துவிட்டார்கள் என்று படித்ததும், ஒட்டியிருந்த கதவை பிளேடால் அறுக்க அவருக்கு முக்கால் மணி நேரம் போகிறது. அதற்குள் காபி ஆறிவிடும். ஆட்டம் ஒருவழியாகத் தொடங்கும்போது இருட்டிவிடும். ஒரு சுற்றுக்கு அரைமணி என்று கணக்கு. பிரஷ்யர்கள் களத்தில் இறங்குவது மாலை நாலரை மணிக்கு. மேஜையில் மதியம் ஒரு மணி ஆவதற்குள் எல்லாருக்கும் கடைசி பஸ் வந்துவிடுகிறது. இத்தனை ஆராய்ச்சிக்கும் பிறகு, அவர் வீட்டு வாட்டர்லூவில் பிரஷ்யர்கள் ஒருமுறைகூட வந்து சேர்ந்ததில்லை. நெப்போலியன் தோற்றதும் இல்லை.