மூட்டை கட்டப் போனவர்கள்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் சாலைவழி சுமார் 350 கிலோமீட்டர். வீடு காலி செய்யும் உறவினருக்கு ஒத்தாசை செய்யப் புறப்படும் சித்தப்பாக்களுக்கு இதெல்லாம் ஒரு தூரமே இல்லை. ஆம்பூரில் சீரகச் சம்பா பிரியாணியை முடித்த பிறகுதான் தூரமாகிறது. ஓட்டுபவர் தூங்கக் கூடாது என்று மற்ற மூவரும் குறட்டையால் தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள்.

2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதோடு சுங்கச்சாவடியில் சில்லறைக்குச் சண்டை போடும் சுகமும் போயிற்று. நெடுஞ்சாலையில் மிச்சமான நேரத்தை பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசல் வட்டியோடு வசூலித்துவிடுகிறது.

வீட்டுக்குள் போனால் ஒரு டப்பாகூட கட்டப்படவில்லை.

"நீங்க வந்ததும் ஆரம்பிக்கலாம்னு இருந்தோம் சித்தப்பா!"

ஆடியில் வீடு மாறக் கூடாது. ஆகவே ஆனிக் கடைசியில் ஊரே லாரி தேடுகிறது. மிக்ஸி ஜாரைச் சுற்றப் பழைய செய்தித்தாளை எடுத்த சித்தப்பா, அதைப் படிக்க உட்கார்ந்துவிடுகிறார். பரணிலிருந்து கல்யாண வீடியோ கேசட்டுகள் இறங்குகின்றன. போட்டுப் பார்க்கக் கருவி இல்லை, தூக்கிப்போட மனமும் இல்லை. அவையும் சென்னைக்கே வருகின்றன.

லாரிக்காரர் ஏற்ற மறுத்தவையெல்லாம் காருக்கு: துளசித் தொட்டி, ஊறுகாய் ஜாடி, சாமி படங்கள். திரும்பும் வழியில் மாவடு சாறு ஒழுகும் ஜாடி சித்தப்பாவின் மடியில். இப்போது குறட்டைக்கு வழியில்லை.

வாலாஜாபேட்டை தாண்டும்போது பெங்களூர் வீட்டுக்காரர் போனில் அழைக்கிறார். பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வைத்திருப்பவர். சாவி எங்கே என்று கேட்கிறார். சித்தப்பா சட்டைப்பையைத் தடவுகிறார்.